குதிரை வாங்க நினைக்கும் தம்பிக்கு

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் என்னிடம் படித்த மாணவர். வேலணையிற் பிறந்து, கனடாவுக்குச் சென்று, அங்கே நல்ல நிலையில் இருக்கிறார். தந்தையார் காலமான பின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திருத்தி, மனைவி மக்களுடன் ஊரோடு வந்திருக்க எண்ணியிருக்கிறாராம். படித்து மகிழ்ந்தேன். ஆனால், அடுத்த பந்தி என்னை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படிக்க வைத்தது.

“ஐயா, இங்கே குதிரையேற்றம் பழகிவிட்டேன். நுவரெலியாவிலே பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் குதிரை ஒன்று விலைக்கு வருகிறதாம், வயது ஏழு. அதை வாங்கி எங்கள் வளவிலே வளர்த்து, மாலை வேளைகளிற் கடற்கரை வெளியிலே ஏறிச் செல்ல ஆசை. நெடுந்தீவிலே குதிரைகள் எவருடைய பராமரிப்பும் இல்லாமல் எத்தனையோ தலைமுறையாக வாழ்கின்றனவே. வேலணையில் ஒன்று வாழாதா? நீங்கள் வகுப்பிலே குதிரை வணிகத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.”

வகுப்பிலே சொன்னது இப்படி ஒரு நாள் என்னிடமே திரும்பி வரும் என்று நான் நினைத்ததில்லை. தம்பிக்கு எழுதிய மறுமொழியை இங்கே விரித்து எழுதுகிறேன். குதிரை வாங்கும் எண்ணம் இல்லாத வாசகர்களும் பொறுத்தருள்க. நம் தீவுகளின் கதையும் இதற்குள் இருக்கிறது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே தமிழிற் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு வெளியிட்டார். ஊராத்துறை என்று அதிலே சொல்லப்படும் துறைதான் நம்முடைய ஊர்காவற்றுறை. அந்தத் துறைக்குப் பரதேசி வணிகர் வரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று தொடங்கி, உடைந்த மரக்கலங்களைப் பற்றி ஒரு சட்டம் சொல்கிறது. வெறும் சரக்கேற்றி வந்த கலம் உடைந்தால் சரிபாதி அரசனின் பண்டாரத்துக்கு, மறுபாதி உடையவனுக்கு. ஆனால் யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் அரசனுக்குக் காற்பங்கே, முக்காற்பங்கு உடையவனுக்கு!

அரசன் எதற்காகத் தன் பங்கிற் பாதியை விட்டுக்கொடுத்தான்? அவனுக்குக் குதிரை வேண்டியிருந்தது. குதிரை இந்த மண்ணிலே தானாகப் பெருகும் பிராணி அன்று. கடல் கடந்து வரவேண்டும், வழியிலே சாகும், கரையேறிய பின்னும் சாகும். நட்டத்துக்கு அஞ்சி வணிகன் வராமல் விட்டுவிடுவானோ என்ற கவலை அந்தக் கல்லிலே தெரிகிறது.

கரையேறிய பின்னும் சாகும் என்றது மிகையன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கடலுக்கு அப்பாலுள்ள பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து யாத்திரிகர், அங்கே குதிரைகள் பட்ட பாட்டை எழுதி வைத்திருக்கிறார். பாண்டியனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து பொன் கொடுத்து வாங்குவர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்களாம். போதாக்குறைக்கு, குதிரை விற்கும் வணிகர் குதிரை வைத்தியரை இந்தப் பக்கம் வரவிடுவதில்லையாம். பழைய குதிரை செத்தாலன்றோ புதிய குதிரை விலைபோகும்! நம் மாணிக்கவாசகர் வரலாற்றிலே பகலிற் பரியாக நின்றவை இரவில் நரியாகி ஓடின என்று படிக்கிறோம். இறைவனின் திருவிளையாடல் அது. திருவிளையாடல் இல்லாமலே வாங்கிய குதிரையையும் கொடுத்த பொன்னையும் ஓரிரவில் இழந்தவர்கள் அந்தக் காலத்திற் பலர் இருந்திருப்பர்.

தம்பி, நீ வாங்க நினைக்கும் குதிரையும் ஊராத்துறைக்கு வந்த குதிரைகளுக்கு ஒருவகையில் உறவுதான். இங்கிலாந்திலே 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மேற்காசியாவிலிருந்து கொண்டுசென்ற மூன்று ஆண்குதிரைகள் தரோபிரெட் குலத்துக்கு மூதாதையராயின. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடோல்பின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். இன்று உலகத்திலே எந்தத் தரோபிரெட்டின் தந்தைவழியைத் தேடிப் போனாலும் இம்மூன்றில் ஒன்றிலே போய் முடியும். 1791ஆம் ஆண்டு தொடங்கி வம்ச ஏடு வைத்து எழுதி வருகிறார்கள். நம்மிலே எத்தனை பேருக்கு நான்காவது பாட்டனின் பெயர் தெரியும்? இந்தக் குதிரைக்குத் தெரியும்.

முந்நூறு ஆண்டாக ஒரே ஒரு குணத்துக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள்: வேகம். மெல்லிய தோல், நீண்ட மெலிந்த கால், அகன்ற மார்பு, சட்டென்று கொதிக்கும் இரத்தம். மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஐந்நூறு கிலோ எடையை அந்த மெலிந்த கால்கள் தாங்கவேண்டும். ஆகவே ஐந்து ஆறு வயதிலேயே பல குதிரைகளுக்குப் பந்தய வாழ்வு முடிந்துவிடுகிறது. ஆனால் குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து முப்பது ஆண்டு. நீ எழுதிய ஏழு வயதுக் குதிரைக்கு இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டு உண்டு. உன் மூத்த மகள் இப்போது இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறாய். அவள் படிப்பை முடித்து உத்தியோகம் பார்க்கும் காலத்திலும் அந்தக் குதிரை உன் வளவிலே நின்று தீனி கேட்கும்.

‘இவருக்குக் குதிரை பற்றி என்ன தெரியும்’ என்று வாசகர்கள் நினைக்கலாம். நியாயமான ஐயம். நான் பேராதனையிற் படித்த காலத்தில் என் அம்மான் நுவரெலியாவிலே உத்தியோகம் பார்த்தார். விடுமுறைக்கு அங்கே போவேன். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அவ்வூரிலே 1875இல் அமைத்த பந்தயத் திடல் இருக்கிறது. விடியற்காலைக் குளிரிலே குதிரைகளை நடத்திச் செல்வதைப் பார்க்கப் போய், லாயத்திலே வேலை செய்த ஒரு பெரியவரோடு பழக்கமாயிற்று. மலையகத் தமிழர், இளமை முழுவதும் குதிரையோடு கழித்தவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதும், பின்னர் நூல்களிற் படித்ததுமே.

முதல் நாள் அவர் சொன்னது: “தம்பி, காலையில குதிரை மூஞ்சிய அப்புறம் பாருங்க, மொதல்ல லத்தியப் பாருங்க.” இலத்தி உருண்டையாக, ஈரமாக, வழக்கமான அளவிற் கிடந்தால் இரவு நலமாகக் கழிந்தது என்று பொருள். குறைந்திருந்தாலோ இறுகியிருந்தாலோ அன்றைக்குக் கவலை தொடங்கிவிட்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறிது. குடலோ மிக நீண்டது. தீனி ஓரிடத்திலே அடைத்துக்கொண்டால், வயிற்றுவலியாற் புரண்டு புரண்டு சில மணி நேரத்திலே உயிரை விட்டுவிடும். மாட்டுக்கு ஒரு கூடைத் தீனியைக் கொட்டிவிட்டு நாம் கோயிலுக்குப் போகலாம். குதிரைக்குக் கொட்டிவிட்டுப் போகக்கூடாது. புல்லும் உலர்புல்லுமாக நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறித்துக்கொண்டிருக்க வேண்டிய பிராணி அது. ஐந்நூறு கிலோக் குதிரைக்கு ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவு தீனி வேண்டும். அதிலே பெரும்பகுதி நார்த் தீனியாக இருக்கவேண்டும். ஊறவைத்த கொள்ளு, ஓட்ஸ் முதலியவை அதற்கு மேலேதான். அவற்றையும் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

நம் வீடுகளிலே பிராணி என்றாற் கை தானாகத் தவிட்டுச் சாக்கை நோக்கிப் போகும். இங்கே ஓர் எச்சரிக்கை. தவிட்டிலே பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்த குதிரை தன் எலும்பிலிருந்து கல்சியத்தை இழக்கும், முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். கினிப்புல் போன்ற வெப்பநாட்டுப் புற்களும் கல்சியத்தைக் குடலிற் சேரவிடாமற் கட்டிவைக்கும் இயல்புடையன. ஆகவே அவற்றை ஊட்டுவோர் கல்சியத்தைத் தனியே சேர்க்கவேண்டும். பாண்டி நாட்டிலே நல்ல குதிரைகளுக்குப் பிறந்த குட்டிகளும் கால் கோணிப் பயனற்றுப் போயின என்கிறார் மார்க்கோ போலோ. அதற்குத் தீனியே காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெரியவர் நாள்தோறும் நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார். ஓரிடம் சூடாக இருந்தால் அன்றைக்கு ஓட்டமில்லை. பிறகு ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் அழுக்கையும் கொக்கியாலே எடுப்பார். ஆறு கிழமைக்கு ஒருமுறையேனும் குளம்பைச் செதுக்கவேண்டும். லாடம் கட்டிய குதிரையானால் லாடத்தைக் கழற்றி மறுபடி அடிக்கவேண்டும். பல்லிலே கூர் விழும். ஆண்டுக்கொருமுறை அரத்தால் அராவவேண்டும். ஏற்புவலிக்குத் தடுப்பூசி கட்டாயம். பிராணிகளுள் அந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. தம்பி, தீவகத்திலே ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்ப்பவரைக் காணலாம். குதிரையின் பல் அராவவும் குளம்பு செதுக்கவும் தெரிந்தவர் ஆறு கிழமைக்கு ஒருமுறை உன் படலையைத் திறந்து வருவாரா என்று, குதிரைக்கு விலை பேசுமுன் கேட்டுப் பார்.

ஏற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இது என் சொந்த அநுபவம். ஒரு நாள் பெரியவரைக் கெஞ்சி, பந்தயத்திலிருந்து அண்மையில் ஓய்ந்த குதிரை ஒன்றின்மேல் ஏறினேன். அது சற்று விரைந்து நடந்தது. பயந்து கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தேன். உடனே ஓடத் தொடங்கியது! நான் இன்னும் இறுக்கினேன். அது இன்னும் விரைந்தது. இருபது பாகம் போனதும் நான் சேற்றிலே கிடந்தேன். பெரியவர் சிரித்துவிட்டுக் காரணம் சொன்னார். பந்தயக் குதிரைக்கு வாரை இறுக்குவது நிற்பதற்கான அடையாளம் அன்று. அந்தப் பிடியிலே வாயை ஊன்றிக்கொண்டு ஓடத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள்ளவும் பலவற்றுக்குத் தெரியாது. சவாரிக்காரனை மற்றொருவன் காலைப் பிடித்துத் தூக்கிவிட, குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே வாங்கியவுடன் ஏறக்கூடாது. சில மாதம் சும்மா மேயவிட்டு, பந்தயத் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு கன்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும். தம்பி நன்றாக ஏறத் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறார். பழகிய குதிரையில் ஏறத் தெரிவது வேறு; குதிரையைப் பழக்கத் தெரிவது வேறு.

இனித் தீவுக்கு வருவோம். மலைக் குளிரிலே வளர்ந்த குதிரையை வேலணையின் ஆனி வெயிலுக்கு இறக்கினால் என்ன ஆகும்? குதிரை நம்மைப்போல வியர்வையாலேதான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்த நாடுகளிலே சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோய் உண்டு. தரோபிரெட் குலத்தில் அது அதிகம். வெயில் ஏறுமுன் விடியற்காலையிலும், வெயில் சாய்ந்த பின்னும் மட்டுமே வேலை வாங்கவேண்டும். பகலில் நல்ல நிழலும் காற்றும் வேண்டும். நம் மண்ணோ மணல். கட்டைப் புல்லைக் கரண்டி மேயும் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது குடலின் அடியிலே படிந்து மூட்டையாகக் கனக்கும். தீனியை வெறுந்தரையிலே கொட்டாமல் தொட்டியிலோ விரிப்பிலோ போடு. வளவைச் சுற்றி முட்கம்பி அடித்திருந்தால், குதிரை வருமுன் அதைக் கழற்று. வெடிச் சத்தத்துக்கு வெருண்டோடும் மெல்லிய தோலுள்ள பிராணிக்கு முட்கம்பியைப்போலப் பகை வேறில்லை. தனிமையும் அதற்கு ஆகாது. கூட்டத்திலே வாழப் பிறந்தது. இன்னொரு குதிரை வாங்க வசதியில்லையானால் ஓர் ஆட்டையாவது கூட நிறுத்தலாம். பேர்போன பந்தய லாயங்களிலே அப்படிச் செய்வதுண்டு. ஆட்டுக்கு நம்மூரிலே பஞ்சமில்லை.

இவையெல்லாம் பணத்தாலும் உழைப்பாலும் தீரக்கூடியவை. தண்ணீர் அப்படியன்று. குதிரை நாளொன்றுக்கு முப்பது நாற்பது லீற்றர் குடிக்கும். வெயிற்காலத்திலே வேலை செய்தால் ஐம்பதையும் தாண்டும். கிணற்று நீரிலே உவர் கூடினால் குடிப்பதைக் குறைக்கும். குறைத்தால் மேலே சொன்ன குடலடைப்பு வரும். ஆகவே நல்ல தண்ணீரே வேண்டும். தீவகத்திலே நல்ல தண்ணீர் என்பது என்னவென்று தம்பிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவருடைய தாயார் இடுப்பிலே குடத்தோடு நடந்த தூரம் அவருக்குத் தெரியும். ஆவணி புரட்டாதியிலே அயல்வீட்டுக்காரி இரண்டு குடத்துக்காக வரிசையில் நிற்கும்போது, ஐந்து வாளி நல்ல தண்ணீரை உன் குதிரைக்கு ஊற்றுவாய். ஊற்றத்தான் வேண்டும், அது உன்னை நம்பி வந்த உயிர். ஆனால் மதிலுக்கு அப்பால் நிற்பவள் முகத்தை எப்படிப் பார்ப்பாய்? ஒரு பெரிய மழைநீர்த் தொட்டியை முதலிற் கட்டு என்று எழுதினேன். கூரையில் விழும் மாரி மழையைப் பிடித்து வைத்தால், அயலாருக்குக் கொடுத்து நீயும் எடுக்கலாம்.

நெடுந்தீவைப் பற்றிய கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தக் குதிரைகளும் கடல்வழி வந்தவற்றின் வழித்தோன்றல்களே. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அத்தீவிலே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நோலன் என்னும் ஐரிய அதிகாரி ஆங்கில அரசுக்காக அப்பணியை நடத்தினார். பின்னர் அரசுக்குக் குதிரை வேண்டாததாயிற்று, விட்டுவிட்டார்கள். விடப்பட்டவை காட்டுக் குதிரைகளாயின. அவை வாழ்வதைப் பார்க்கிறோம். வாழாமற் போனவற்றை எவரும் எண்ணவில்லை. தலைமுறை தலைமுறையாக, குறைந்த தண்ணீரிலும் காய்ந்த புல்லிலும் உயிர் தாங்கக்கூடிய சிறிய உடம்புள்ளவை எஞ்சின. அந்தக் கணக்கிலே ஒரு தரோபிரெட்டை இன்று கொண்டுபோய் நிறுத்தினால், எஞ்சாதவற்றின் பக்கத்திலேதான் அதனை எழுதவேண்டும்.

எஞ்சியவையும் எப்போதும் தாமாக வாழவில்லை. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வறட்சி அறிவித்தலைப் படித்து விலகிப்போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாதி மாதம் குறிகட்டுவானிலிருந்து படகேறி மாணவர்களோடு நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். வெட்டவெளியிலே வற்றிய ஒரு குட்டை. நடுவிலே கரிய சேறு. அதைச் சுற்றி ஏழெட்டுக் குதிரைகள். விலா எலும்பை எண்ணலாம். குட்டியோடு நின்ற ஒரு பெண்குதிரை முன்காலாலே சேற்றைத் தோண்டி, ஊறி வரும் சிறிது நீருக்காகத் தலை குனிந்து காத்து நின்றது. குட்டி குடித்த பின்னரே தான் வாய் வைத்தது. சற்றுத் தொலைவிலுள்ள ஒரு வீட்டின் பின்புறத்திலே, பாதியாக அறுத்த பிளாத்திக்குப் பீப்பாவுக்குள் ஒரு வயோதிப மாது கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். “ஆற்றை குதிரை, அம்மா?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். “ஒருத்தற்றையும் இல்லை, ராசா. பின்னேரத்திலை வருங்கள்” என்றார். நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த வாளியை இறக்கினார்.

இவ்வளவையும் எழுதி, முடிவிலே தம்பியிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். கிணற்று நீரைச் சோதிப்பித்தாயா? குளம்பு செதுக்க ஆள் உண்டா? பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேறெதற்காகவோ நீ மறுபடியும் கனடாவுக்குப் போக நேர்ந்தால், இருபது வயதுக் கிழக்குதிரையை யாரிடம் விட்டுச் செல்வாய்?

பத்து நாளிலே மறுமொழி வந்தது. கிணற்று நீரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சோதிக்கத் தமையனாரிடம் சொல்லியிருக்கிறாராம். மழைநீர்த் தொட்டிக்கு மேசன் பார்த்தாயிற்றாம். குதிரை வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கட்டப் போகிறாராம். முட்கம்பியைக் கழற்றத் தொடங்கியாயிற்று. குளம்பு செதுக்குபவரை நுவரெலியாவிலிருந்து அழைப்பதற்கு என்ன செலவாகும் என்று விசாரித்து, அந்தத் தொகையைக் கண்டு சற்றுத் திகைத்திருக்கிறார். ஆட்டைப் பற்றிப் படித்த மகள், குதிரை வருமுன்பே ஆட்டுக்குப் பெயர் வைத்துவிட்டாளாம்.

மூன்றாவது கேள்விக்கு அந்தக் கடிதத்திலே மறுமொழி இல்லை. நான் மறுபடியும் எழுதியிருக்கிறேன்.